கப்பல்காரரின் நாலாவது விமானம்

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள்: வீட்டுக்கார ரெட்டியம்மா, கையில் துடைப்பத்துடன், மாடிப்படியின் கடைசிப் படியில். மெஸ் நடத்தும் ஜெசிந்தா அக்கா, ஞாயிறு பூசை முடிந்து வந்த அதே பட்டுப்புடவையில். பேக்கிங்கில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் பிரதீப், தோளில் கயிற்றுச் சுருளுடன். செக்யூரிட்டி நாகராஜப்பா, ஷிப்ட் முடிந்தும் யூனிபாரத்தைக் கழற்றாமல். நான். எங்களுக்கு நடுவில் கப்பல்காரர். அவர் காலடியில் விமானம்.

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் சொந்தமாகக் கடற்படை வைத்திருந்த ஒரே மனிதர் கப்பல்காரர்தான். இதை யாரும் மறுக்க முடியாது. ரெட்டியம்மாவே மறுக்கவில்லை. அவருடைய மொட்டை மாடிதான் கப்பல்.

கப்பல்காரருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மத்திகிரியில் ரெட்டியம்மாவின் லைன் வீட்டில் ஆறாம் நம்பர் ரூம். நான் ஏழாம் நம்பர். அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் தகடு அடிப்பவன். இரண்டு பேரும் தனி ஆள். நடுவில் ஒரு சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவருக்குக் கேட்கும். முதல் ஒரு வருடம் எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். டிபார்ட்மென்ட்தான். நான் பிரஸ்ஸு. பிரதீப் பேக்கிங்கு. ஜெசிந்தா அக்கா மெஸ்ஸு. ரெட்டியம்மாவை மட்டும் ‘மேனேஜ்மென்ட்’ என்பார், மரியாதையாக.

சட்டைப் பையில் எப்போதும் அளவு பார்க்கிற வெர்னியர் இருக்கும். இன்னொரு பையில் சிவப்பு அட்டைகள். கம்பெனியில் அளவு தப்பிய பாகத்தில் மாட்டும் ரிஜெக்ட் அட்டை. மெஸ்ஸுக்கு வந்த முதல் நாளே சப்பாத்தியை அளந்தார்.

“மெஸ்ஸு, இது வட்டமில்ல. ஒரு பக்கம் ஏழு மில்லி ஜாஸ்தி.”

“வாயிக்குள்ள போனா எல்லாம் ஒரே வட்டந்தாங்ணா. தின்னுங்க.”

அவர் ஒரு சிவப்பு அட்டை எழுதித் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு அந்தச் சப்பாத்தியைத் தின்றார். அதேபோல் ரிஜெக்ட் ஆன இன்னும் மூன்றையும் தின்றார்.

தெருக்குழாயில் ஒரு அட்டை தொங்கியது. நாகராஜப்பாவின் சைக்கிள் பிரேக்கில் ஒன்று. ஒரு நாள் என் கதவிலும் தொங்கியது. ‘தாழ்ப்பாள் மூன்று மி.மீ. இறக்கம்’ என்று. அளந்து பார்த்தேன். இறக்கம்தான்.

அவர் கடலையே பார்த்ததில்லை. ஒரு தடவை கம்பெனி வேலையாகச் சென்னை போனார். பஸ், கெஸ்ட் ஹவுஸ், சப்ளையர் கம்பெனி, கெஸ்ட் ஹவுஸ், பஸ். கடல் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது என்று திரும்பி வந்த பிறகு யாரோ சொன்னார்கள். “எனக்கு யாரும் டிராயிங் குடுக்கலையே” என்றார்.

அவர் செய்தது நூறு வருடத்துக்கு முந்தைய சண்டை விமானம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை. போர்க்கப்பலின் மேல்தட்டிலிருந்து ஏறி, அதே தட்டில் வந்து இறங்குவதற்கென்று வெள்ளைக்காரர்கள் முட்டி மோதிக் கண்டுபிடித்தது. கப்பல்காரர் அதைச் சின்னதாகச் செய்தார். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இறக்கை. மூங்கில் குச்சி, தெர்மாகோல், டிரேசிங் பேப்பர். மோட்டாரும் பேட்டரியும் ரிமோட்டும் பெங்களூரில் வாங்கியவை.

முதன்முதலில் என்னிடம் அதைப் பற்றிப் பேசியது குழாயடியில்.

“பிரஸ்ஸு, ஆரம்பத்துல அவங்களுக்குக் கப்பல்லருந்து ஏற மட்டுந்தான் தெரியும்.”

“அப்ப எறங்கறதுக்கு?”

“எறங்க மாட்டான். சண்டை போட்டுட்டு நேரா கடல்ல விழுவான். கப்பல் போயி ஆளைத் தூக்கிக்கும். வண்டி போச்சு.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

பின்னால் குடத்தோடு நின்ற ஜெசிந்தா அக்கா சொன்னார்: “நல்ல கம்பெனி.”

பிறகுதான் தட்டில் இறங்கும் வழியைத் தேடினார்களாம். முதலில் ஆட்கள் ஓடிப்போய்க் கையால் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் தட்டில் நீளவாக்கில் கம்பி கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் குறுக்குவாக்கில் கட்டினார்கள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. கொக்கி கம்பியில் மாட்டும், விமானம் நிற்கும்.

“அப்ப நீங்க நேரா அந்தக் கடைசி மாடலையே செஞ்சிரலாமேணா.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எனக்கும் ஒரு சிவப்பு அட்டை எழுதிவிடுவாரோ என்று இருந்தது.

“ப்ராஸஸ்ல ஸ்டெப்பை ஸ்கிப் பண்ணச் சொல்றியா? அவங்க என்னென்ன தப்பு பண்ணாங்களோ அத்தனையும் அதே வரிசைல நானும் பண்ணனும். அதுக்குப் பேருதான் டெவலப்மென்ட்டு.”

அப்படித்தான் செய்தார். விமானம் விழாமல் இருக்க உலகம் பாடுபடுகிறது. சரியானபடி விழவேண்டும் என்று பாடுபட்டவர் இவர்.

முதல் விமானம் ஏறி, திட்டப்படி ‘கடலில்’ விழுந்தது. கடல் என்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ராகிக் கொல்லை. எடுத்துவரப் போன நாகராஜப்பா வெறும் கையோடு திரும்பி வந்தார். அவர் கர்நாடக எல்லையை ஒட்டிய தளிக்காரர். அவசரம் என்றால் கன்னடம்தான் வரும்.

“ஹசு திந்த்பிட்டுது ஸ்வாமி!”

மாடு தின்றுவிட்டது. இறக்கையில் பேப்பர் ஒட்டியது மைதாப் பசையில். கொல்லையில் கட்டியிருந்த மாட்டுக்கு அந்த வாசனை பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாட்டுக்காரரும் சண்டைக்கு வந்துவிட்டார்.

“எம் மாட்டுக்கு எதுனா ஆச்சின்னா யாருய்யா பதில் சொல்றது?”

கப்பல்காரர் நிதானமாகக் கேட்டார்: “ரெண்டு இறக்கையும் தின்னுச்சா?”

“மேல இருந்ததைத் தின்னுச்சு. கீழ இருந்தது அப்பிடியே கெடக்குது.”

கப்பல்காரர் முகம் வாடிவிட்டது. “ஒத்த இறக்கை விமானம் ரொம்பப் பின்னாடி வர்றது. உங்க மாடு ஸ்டெப்பை ஸ்கிப் பண்ணிடுச்சு.”

மாட்டுக்காரர் வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது மாட்டை மறுபக்கம் ஓட்டிக்கொண்டு போவார்.

இரண்டாவது விமானம், கையால் பிடிக்கும் கட்டம். இறக்கைக்குக் கீழே முடிச்சுப் போட்ட கயிறுகள் தொங்கின. நானும் பிரதீப்பும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். வந்தது. பிரதீப் ஒரு கயிற்றைப் பிடித்தார், நான் ஒரு கயிற்றைப் பிடித்தேன். யாரும் விடவில்லை. விமானம் இரண்டாகக் கிழிந்து ஆளுக்குப் பாதி வந்தது. கப்பல்காரர் ஓடி வந்து பார்த்தார்.

“கரெக்ட்டு! அவங்களுக்கும் கை வெச்சதுல வண்டி ஒடஞ்சிதான் போச்சு.”

இரண்டு நாள் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாவதற்குத் துணி காயப்போடும் கயிறுகளை அவிழ்த்து மாடியில் நீளவாக்கில் கட்டினார். லைன் வீட்டு யூனிபாரமெல்லாம் வாளியிலேயே கிடந்தன. விமானம் கயிற்றின் மேல் சறுக்கி, ஒருக்களித்து, மாடியைத் தாண்டி வாசலில் ரெட்டியம்மா காயவைத்த மிளகாய் மேல் விழுந்தது.

“ஏமய்யா! நீ யுத்தம் பண்றது என் மிளகாயோடயா?”

“இந்தக் கட்டம் முடிஞ்சிருச்சு மேனேஜ்மென்ட். இனிமே மிளகாய்க்கு ஆபத்தில்ல.”

நாலாவது, கடைசி மாடல். முந்தைய மூன்றையும் பாகம் பாகமாகக் கொண்டுபோய் மாடியில்தான் பூட்டினார். இதை ரூமிலேயே முழுசாகக் கட்டினார், அப்படியே மாடிக்கதவில் நுழையாது என்பதால் இறக்கையை மடிக்கிற மாதிரி கீல் வைத்தார். கப்பல் லிப்டில் நுழைவதற்காக அவர்களும் மடித்தார்களாம். அதில் அவருக்குப் பெரிய திருப்தி. கதவு எனக்குத் தடை, லிப்ட் அவங்களுக்குத் தடை என்று எல்லோரிடமும் சொன்னார்.

அந்த வாரம்தான் ரெட்டியம்மா செய்தி சொன்னார். திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார். மாடி மேல் இன்னொரு மாடி. எட்டு ரூம்.

கப்பல்காரர் “திங்கக்கிழமையா?” என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். இறக்கை மடித்த விமானம் மடியில், கோழியைப் போல. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏன்ணா, பறந்தா போதாதா? எங்க எறங்குனா என்னா? கொஞ்ச தூரத்துல மைதானம் இருக்குதே.”

மடித்த இறக்கையைத் தடவிக்கொடுத்தார்.

“போன வருசம் எம் பொண்ணு வந்தா, ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. புனேயில் வேலை பார்க்கும் பெண். சின்ன வயதிலேயே அம்மா இல்லை. சேலத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். காலையில் பெரிய பையோடு வந்தாள். சாயங்காலம் அதே பையோடு போனாள்.

“ரெண்டு நாள் இருக்கலாம்னுதான் வந்தா. கட்டில் மேல இறக்கை காயுது. கீழ வாலு. உக்கார எடமில்ல. ‘நான் எங்கப்பா படுக்கறது’ன்னா. நான் என்னா சொன்னன் தெரியுமா? பசை காயற வரைக்கும் எதயும் எடுக்கக்கூடாதுன்னன். சாயங்காலமே பஸ் ஏத்திவிட்டன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வரல.”

அவர் விமானத்தின் கொக்கியை ஒரு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவ பிரஸ்ஸு. ஏறுன எடத்துலயே எறங்கிட்டா போதும். நாளன்னிக்கி இந்த மாடி இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை காற்று நன்றாக இருந்தது. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. குறுக்குவாக்கில் ஐந்து கயிறு. ஒவ்வொரு கயிற்றின் இரண்டு முனையிலும் ஒரு பழைய ஷிப்ட் சாக்ஸ், உள்ளே எம்-சாண்ட். கயிறு தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி இருக்கவேண்டும் என்பதற்காக அங்கங்கே எங்கள் டிபன் பாக்ஸ்கள். கொக்கி மாட்டினால் மணல் சாக்ஸ் இழுபடும். இழுபட இழுபட விமானம் நிற்கும்.

கப்பல்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

“ஒண்ணு சொல்றன். யாரும் வண்டி மேல கை வைக்கக்கூடாது. கையால புடிக்கறது ரெண்டாவது ஸ்டேஜி. அதை முடிச்சாச்சு.”

“ஓரத்துல விழப் போனாக்கூடவாணா?” என்றார் ஜெசிந்தா அக்கா.

“விழுந்தாக்கூட.”

ரெட்டியம்மா கடைசிப் படியில் நின்றுகொண்டார். மேலே வந்தால் இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குச் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர் எண்ணம்.

இறக்கை விரிந்தது. மோட்டார் சுற்றியது. விமானம் மாடியில் ஓடி, விளிம்பைத் தாண்டி, சட்டென்று கீழே இறங்கிக் கண்ணிலிருந்து மறைந்தது. ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நொடி ராகிக் கொல்லைக்கு மேலே எழுந்தது. நாங்கள் கத்தினோம். கப்பல்காரர் கத்தவில்லை.

விமானம் இடது பக்கம் திரும்பியது. புளியமரத்தைச் சுற்றியது. மெஸ் கூரையைச் சுற்றியது. எங்கள் தலைக்கு மேலே போனது. மறுபடி இடது பக்கம் திரும்பியது.

“அண்ணா, ஏன் ஒரே பக்கம் சுத்துது?” என்றார் பிரதீப்.

கப்பல்காரர் ரிமோட்டில் வலது பக்கம் முழுக்கத் தள்ளினார். விமானம் இடது பக்கமே போனது.

“பிரஸ்ஸு, எம் பாக்கெட்டுல இந்த மாடலோட டிராயிங் இருக்குது. எடு. விரி.”

எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். ஒரு கண் வானத்தில், ஒரு கண் தாளில். தாளில் விமானத்தைப் பக்கவாட்டில் பார்த்த படம். அதற்குக் கீழே இன்னொரு படம். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் செத்துப்போனது.

விஷயம் இதுதான். எங்கள் ஷாப் வழக்கப்படி, ஒரு படத்துக்குக் கீழே இன்னொரு படம் இருந்தால் அது அந்தப் பாகத்தை மேலிருந்து பார்த்த படம். இருபத்தாறு வருடம் அப்படித்தான் பார்த்தார். வேறு சில நாடுகளில் கீழே இருந்தால் கீழிருந்து பார்த்த படம். எது என்று சொல்ல ஒரு சின்ன அடையாளம் தாளின் மூலையில் இருக்கும். இது வெளிநாட்டுப் படத்தின் ஜெராக்ஸ். அதில் அந்த மூலை வரவில்லை. கீழிருந்து பார்த்த படத்தை மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டு, இடது பக்கத்தை வலமாகவும் வலது பக்கத்தை இடமாகவும் கட்டியிருக்கிறார். மோட்டார் விமானத்தை இடது பக்கம் இழுப்பதைச் சரிக்கட்ட வாலில் நிற்கும் தகட்டைக் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். இவர் சாய்த்தது எதிர்ப்பக்கம். இழுப்பைத் தடுக்க வேண்டிய தகடு இழுப்போடு சேர்ந்துகொண்டது.

“இந்தத் தப்பை அவங்க பண்ணல,” என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “இது என்னோடது.”

“பேட்டரி எவ்ளோ நேரம்ணா வரும்?” என்றேன்.

“மூணு நிமிசம்.”

“கொல்லையில எறக்கிடுங்கணா. மாட்டை நான் போயி ஓட்டறன்.”

முடியாது என்று தலையை ஆட்டினார். விமானம் மறுபடி வந்தது. கயிறுகளுக்கு நேராக வர முயன்றார். கடைசி நேரத்தில் இடது பக்கம் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போய்விட்டது. எப்படி வந்தாலும் கோணலாகத்தான் வரும். கயிறுகளோ நேராகக் கிடந்தன.

ஜெசிந்தா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “வண்டி திரும்ப மாட்டன்னுதுன்னா கப்பலைத் திருப்புங்கணா!”

கப்பல்காரர் ஒரு நொடி அவரையே பார்த்தார்.

“மெஸ்ஸு…” என்றார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்: “கப்பலைத் திருப்பு! மூலைக்கு மூலை போடு!”

ஓடினோம். பிரதீப்பும் நானும் முதல் இரண்டு கயிறு. ஜெசிந்தா அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாவதன் ஒரு முனை. நாகராஜப்பா மறுமுனை, “பேகா! பேகா!” என்று தன்னைத்தானே அவசரப்படுத்திக்கொண்டு. டிபன் பாக்ஸ்கள் உருண்டன. ஒன்றில் எலுமிச்சை சாதம் மிச்சமிருந்தது. எல்லோரும் அதில் கால் வைத்தோம். நாலாவதையும் இழுத்துப் போட்டோம்.

“அஞ்சாவது! அஞ்சாவது கெடக்குது!” என்று கப்பல்காரர் கத்தினார்.

திரும்பிப் பார்த்தேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ரெட்டியம்மா மாடிக்கு வந்திருந்தார். இரண்டு கையிலும் இரண்டு மணல் சாக்ஸ்.

“எக்கட வைக்கணும்? சீக்கிரம் சொல்லுய்யா!”

விமானம் புளியமரத்தைத் தாண்டி வந்தது. இடது பக்கம் வளைந்து வளைந்து, மாடியின் மூலையைப் பார்த்து. சத்தம் குறைந்தது. கப்பல்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டார். சக்கரம் தரையைத் தொட்டது. முதல் கயிறு, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, நாலாவது, இல்லை. ரெட்டியம்மாவின் கயிறு. மாட்டியது.

சாக்ஸ் இரண்டும் இழுபட்டன. ஒன்று கிழிந்து மணல் கோடு போட்டுக்கொண்டே போனது. விமானம் விளிம்பைப் பார்த்து நகர்ந்தது. நாங்கள் ஐந்து பேரும் கையை நீட்டிக்கொண்டு அதன் கூடவே குனிந்து நடந்தோம். ஒருவரும் தொடவில்லை. பிரதீப் இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கப்பல்காரர் நடந்து வந்தார். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேல் இறக்கையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, எழுதி, வாலில் மாட்டினார்.

“அதான் எறங்கிடுச்சில்லணா! அப்புறம் என்னாத்துக்கு ரிஜெக்ட்டு?” என்றார் ஜெசிந்தா அக்கா.

“எறங்குனது சரி மெஸ்ஸு. வந்த வழி தப்பு.”

அன்றைக்கு மெஸ்ஸில் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் எதையும் அளக்கவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். மூன்று மாதத்தில் கம்பெனி கப்பல்காரரைக் குஜராத்தில் புதிதாகத் திறந்த பிளான்ட்டுக்கு மாற்றியது. இறக்கையை மடித்து, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினார்.

ஆறாம் நம்பருக்கு வேறு ஆள் வந்தார். அவருக்கு இருமல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றே சில நாள் தெரியாது.

போன மாதம் கப்பல்காரர் போன் செய்தார்.

“கடல் பாத்தன் பிரஸ்ஸு.”

“எப்பிடிணா இருக்குது?”

ஒரு தடவை இருமினார்.

“ரொம்பப் பெருசு. எங்க எறங்கறதுன்னே தெரியல.”

“பொண்ணு வந்தாளாணா?”

“தீவாளிக்கி வரன்னு சொல்லியிருக்கா. கட்டிலைக் காலியா வெச்சிருக்கன்.”

“இங்க எப்ப வரீங்க?”

“அங்க எனக்கு என்னா இருக்குது பிரஸ்ஸு?” என்றார். கோபமில்லை. சும்மாதான் கேட்டார். வைத்துவிட்டோம்.

ரெட்டியம்மாவின் புது மாடி கட்டி முடித்தாகிவிட்டது. அதற்கு மேலே இப்போது புது மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் இப்போதைக்கு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஏன் என்று ரெட்டியம்மா கேட்கவில்லை. நேற்று டியூட்டி முடிந்து டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தண்ணீர்த் தொட்டி நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அன்றைக்கு விமானம் வந்த வாக்கிலேயே மூலைக்கு மூலை அளந்தேன்.

நாற்பத்தொன்றரை அடி.